லெனினை எழுப்பப் போகிறீர்களா? முதலில் மூளையைத் தேடுங்கள்

கேள்வி கேட்டவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். இன்றைய மாஸ்கோவில், செஞ்சதுக்கச் சமாதிக்குள் கிடக்கும் லெனினுக்கு ஒரு ரகசியக் குழு உயிர் கொடுத்துவிடுகிறது. மனிதர் எழுந்து தப்பிக்கிறார், உளவுத்துறை துரத்துகிறது. பாதி த்ரில்லர், பாதி நையாண்டி. "படிக்கிறவர்கள் நம்புவார்களா? யார் அவரை எழுப்புவார்கள், யார் திரும்பவும் சாகடிக்கப் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறார்.

தாராளமாக நம்புவார்கள். இந்தக் கதையில் பாதியை ரஷ்யர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே சீரியஸாக யோசித்து, கொஞ்சம் செய்தும் பார்த்துவிட்டார்கள். உங்களுக்குச் சிக்கல் வரப்போகிற இடம் வேறு. அந்த உடம்புக்குள் மூளை இல்லை.

1924 ஜனவரி 21 மாலை, மாஸ்கோவுக்குத் தெற்கே கோர்க்கி என்ற ஊரில் லெனின் இறந்தார். வயது 53. மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்தவர் அலெக்சேய் அப்ரிக்கோசோவ். (மாஸ்கோவில் பேர்போன மிட்டாய்க் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. இவருடைய மகன்தான் 2003இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். உங்கள் கதைக்குத் தேவையில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுண்ணாம்பேறி இறுகிக் கிடந்தன. இடுக்கியால் தட்டினால் கல்லைத் தட்டுவது போல் சத்தம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூளையைத் தனியே எடுத்து நிறுத்துப் பார்த்ததில் 1,340 கிராம். அந்த உடலைக் காலத்துக்கும் வைத்திருக்கப் போகிறார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இறுதிச் சடங்கு வரை தாங்கினால் போதும் என்று மருந்தேற்றிவிட்டு, பரிசோதனையில் பெரிய ரத்தக் குழாய்களை வெட்டிவிட்டார் அப்ரிக்கோசோவ். பின்னால் வந்தவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலியானது. உடம்பு முழுக்க மருந்தைக் கொண்டுபோக இருந்த வழியே போய்விட்டதே!

மூளையின் கதை இன்னும் ருசிகரம். ஒரு மேதையின் மூளை எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று, 1925இல் பெர்லினிலிருந்து ஓஸ்கர் ஃபோக்ட் என்ற நரம்பியல் நிபுணரை அழைத்தார்கள். அவர் மேற்பார்வையில் மூளையைப் பாரஃபினில் பதித்து, ஏறக்குறைய 31,000 மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். இந்த ஒரு வேலையிலிருந்தே மாஸ்கோவில் ஒரு மூளை ஆய்வு நிறுவனம் முளைத்தது. மூளையின் மேலுறையான புறணியின் மூன்றாம் அடுக்கில் சில செல்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கின்றன என்று ஃபோக்ட் அறிவித்தார். அதோடு சரி. சீவல்கள் இன்னும் மாஸ்கோவில்தான் இருக்கின்றன, உடம்பு இருக்கும் இடத்தில் இல்லை.

ஆக, உங்கள் குழு இரண்டு இடத்தில் திருட வேண்டும். செஞ்சதுக்கத்தில் ஒன்று, மூளை நிறுவனத்தில் ஒன்று. நான் எழுதினால் முதல் நூறு பக்கத்தை இந்த இரண்டாவது திருட்டுக்கே கொடுப்பேன். முப்பத்தோராயிரம் கண்ணாடித் தகடுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, மாஸ்கோ டிராஃபிக்கில் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு வேகத்தடையில் பெட்டி கவிழ்கிறது. வரிசை எண் குலைந்த சீவல்களை யாரோ குத்துமதிப்பாக அடுக்குகிறார்கள். அதற்கப்புறம் எழுந்து உட்காருகிற லெனின் என்ன பேசினாலும் வாசகர் கேள்வி கேட்க மாட்டார்.

சமாதிக்குள் நான் ஒரு முறை போயிருக்கிறேன். அனுமதி இலவசம், கேமரா கூடாது. வெளியே நல்ல வெயில். உள்ளே கறுப்புக் கல் படிகளில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகில் மோதினேன். மூலைக்கு மூலை நிற்கிற காவலர்கள் பேசாதே என்று உதட்டில் விரல் வைக்கிறார்கள். பாக்கெட்டில் கை விட்டிருந்த ஒருவரைப் பார்த்து ஒரு காவலர் விரலைச் சொடுக்கினார். நிற்க விடமாட்டார்கள், நடந்துகொண்டே பார்க்க வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் கறுப்பு சூட், டை. முகத்தில் இளஞ்சிவப்பு வெளிச்சம். வலது கை மூடிய முட்டி, இடது கை தளர்ந்து விரிந்திருக்கிறது. முழுசாக ஒரு நிமிஷம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம், மறுபடி வெயிலில் நிற்கிறேன். எனக்கு முன்னால் வந்த பாட்டி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அந்தக் காட்சியை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

அந்த முகத்தில் எவ்வளவு லெனின், எவ்வளவு கைவேலை என்பதில்தான் உங்கள் நையாண்டிக்குத் தீனி இருக்கிறது. 1924 மார்ச் கடைசியில், பனி இளகி உடல் கெடத் தொடங்கிய நேரத்தில், கார்கிவ் நகரத்து உடற்கூறியல் பேராசிரியர் விளாதிமிர் வொரொபியோவும் உயிர்வேதியியலாளர் போரிஸ் ஸ்பார்ஸ்கியும் வேலையைக் கையில் எடுத்தார்கள். ஃபார்மலின், ஆல்கஹால், கிளிசரின், பொட்டாசியம் அசிடேட். நாலு மாதம் ராப்பகலாக உழைத்தார்கள். அதிலிருந்து இன்று வரை, சுமார் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை உடலை முழுசாக மருந்துத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்கள் செயற்கை. முகத்தின் கொழுப்புக்குப் பதில் பாரஃபின், கிளிசரின், கரோட்டின் சேர்த்த கலவை. உதிர்ந்த இமை முடிக்குப் பதில் ஒட்டு முடி. மூட்டுகள் மட்டும் இன்னும் வளைகின்றன, அதை விடாமல் சோதிக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றி வருவது அந்தப் பழைய தசையை என்பதைவிட, அந்த உருவத்தை.

பராமரிக்கிறவர்களின் கதை தனி நாவல். போரில் 1941 ஜூலையில் உடலை ரகசிய ரயிலில் சைபீரியாவின் த்யுமேன் நகருக்குக் கொண்டுபோய், 1945 வரை ஒரு கல்லூரிக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். மாஸ்கோவில் காலிச் சமாதிக்குச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அப்படிக் கட்டிக் காத்த ஸ்பார்ஸ்கியை 1952இல் கைது செய்தார்கள். ஸ்டாலின் இறந்த வருஷக் கடைசியில் வெளியே வந்தவர், 1954இல் போய்ச் சேர்ந்தார். உடலைப் பராமரிக்கிற அந்த ஆய்வுக்கூடம் வெளிநாட்டுத் தலைவர்களின் உடல்களையும் பதப்படுத்திக் கொடுத்தது: பல்கேரியாவின் திமித்ரோவ், செக்கோஸ்லோவாக்கியாவின் கோட்வால்ட், வியட்நாமின் ஹோ சி மின், அங்கோலாவின் நேட்டோ, வட கொரியாவின் கிம் இல் சுங். 1991க்குப் பிறகு அரசு பணத்தை நிறுத்தியதும், திடீர்ப் பணக்காரர்களின், சுடப்பட்டுச் செத்த தாதாக்களின் முகத்தைச் சரிசெய்து கொடுத்துப் பிழைத்தார்கள். 2016இல் லெனின் உடல் பராமரிப்புக்கு 1 கோடியே 30 லட்சம் ரூபிள் என்று அரசு டெண்டர் தளத்தில் அறிவிப்பு வந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது: இந்த ஆய்வுக்கூடம் நிர்வாக ரீதியாக இருப்பது மூலிகை மற்றும் நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்தின் கீழ். நையாண்டிக்காரர் இதைக் கற்பனை செய்திருந்தால் எடிட்டர் அடித்திருப்பார்.

சரி, யார் எழுப்புவார்கள்? நீங்கள் ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம், அவரைவிடச் சுவாரஸ்யமான பரம்பரை ரஷ்யாவில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாஸ்கோவின் ருமியான்சேவ் அருங்காட்சியகத்தில் நிக்கோலாய் ஃபியோதரோவ் என்ற நூலகர் இருந்தார். இதுவரை செத்த அத்தனை முன்னோர்களையும் அறிவியலால் உடம்போடு எழுப்புவதுதான் மனித குலத்தின் பொதுக் கடமை என்று எழுதியவர். எழுப்பியவர்களை வைக்கப் பூமியில் இடம் பற்றாதே என்றால், வேறு கிரகங்களுக்கு அனுப்பலாம் என்றார். ராக்கெட் அறிவியலின் முன்னோடி சியோல்கோவ்ஸ்கி இளவயதில் மாஸ்கோவில் இவரிடம் புத்தகம் வாங்கிப் படித்தவர். ருமியான்சேவ் நூலகத்துக்கே 1925இல் லெனின் பெயரை வைத்தார்கள்.

அடுத்து லியோனித் க்ராசின், லெனினின் பழைய தோழர், பொறியாளர். 1921இல் ஒரு தோழரின் இறுதிச் சடங்கில், செத்தவர்களைத் திரும்ப உருவாக்கும் வல்லமை அறிவியலுக்கு ஒரு நாள் வரும், அப்போது பெரிய மனிதர்களை எழுப்புவார்கள் என்று பேசினார். மூன்றே வருஷத்தில் லெனின் இறந்தபோது, உடலை உறைய வைத்துவிடலாம் என்று சொன்னவரும் அவர்தான். ஜெர்மன் குளிர்சாதனங்களைத் தருவிக்கிற அளவுக்குக் காரியம் போய்விட்டது. அதற்குள் ரசாயனக் கோஷ்டி முந்திக்கொண்டது.

லெனினோடு தத்துவச் சண்டை போட்டுப் பிரிந்த அலெக்சாந்தர் பொக்தானோவ் 1926இல் மாஸ்கோவில் ரத்த மாற்று நிறுவனம் தொடங்கி, இளைஞர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டால் முதுமை விலகும் என்று தன் மேலேயே சோதித்தார். 1928இல் நோயாளி மாணவர் ஒருவரோடு ரத்தம் மாற்றிக்கொண்டதில் இவர் செத்தார், மாணவர் பிழைத்தார். செர்கேய் ப்ருகோனென்கோ என்பவர் உடம்பிலிருந்து வெட்டிய நாய்த் தலையை இயந்திரத்தில் இணைத்துக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்துக் காட்டினார். இந்த மண்ணில் உயிர்ப்பிப்பு என்பது கோமாளி யோசனையாக இருந்ததே இல்லை, கமிட்டி போட்டுப் பேசிய விஷயம். உங்கள் குழுவில் மூன்று பேரும் மூன்று கோஷ்டியாகட்டும்: ஒருவர் உறைகுளிர், ஒருவர் ரத்தம், ஒருவர் ரசாயனம். சண்டை தானாக வரும்.

கேலியும் அப்போதே தொடங்கிவிட்டது. 1929இல் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் 'மூட்டைப்பூச்சி' நாடகம் மேடையேறியது. பனியில் உறைந்த ஒரு குடிகாரப் பேர்வழியை ஐம்பது வருஷம் கழித்து எழுப்பி, கடைசியில் மிருகக்காட்சி சாலைக் கூண்டில் வைக்கிறார்கள். "லெனின் வாழ்ந்தார், வாழ்கிறார், வாழ்வார்" என்று எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதினார்.

வேண்டாம் என்று சொன்ன குரலும் ஒன்று இருந்தது. இறந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், அவருடைய மனைவி க்ரூப்ஸ்கயா கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் எழுதினார்: நினைவுச் சின்னம் வைக்காதீர்கள், அவர் பெயரில் மாளிகை கட்டாதீர்கள், குழந்தைகள் காப்பகம் கட்டுங்கள், பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்று. அச்சிட்டார்கள். சமாதியையும் கட்டினார்கள்.

இனி அடுத்த பாதி: யார் சாகடிக்கப் பார்ப்பார்கள்? புதின் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சுலபமான பதில். புதினின் நிலை கொஞ்சம் நுணுக்கமானது. 2001இல், லெனினைப் புதைத்தால் ஒரு தலைமுறை தாங்கள் பொய்க்காக வாழ்ந்ததாக நினைக்கும், அதனால் வேண்டாம் என்றார். 2012இல் சமாதியைக் கீவ் மடத்துப் புனிதர்களின் உடல்களோடு ஒப்பிட்டார். 2016இல், ரஷ்யா என்ற கட்டடத்துக்கு அடியில் அணுகுண்டு வைத்தவர் லெனின் என்றார். 2022 பிப்ரவரியில், உக்ரைன் என்பதே லெனின் உருவாக்கியது என்று பேசிவிட்டு அடுத்த மூன்று நாளில் படையை அனுப்பினார். வெற்றி நாள் அணிவகுப்பு வந்தால் சமாதியைத் தட்டி போட்டு மறைத்துவிடுகிறார்கள், அதற்கு முன்னால் மேடை போட்டுத் தலைவர்கள் நிற்கிறார்கள். இவர்களுக்கு லெனின் செத்திருக்கவும் வேண்டும், புதைக்காமலும் இருக்க வேண்டும். உயிரோடு வந்தால் மட்டும் ஆகாது.

என்னைக் கேட்டால் அதைவிட அதிகமாகப் பதற வேண்டியது கம்யூனிஸ்டுக் கட்சிதான். ரஷ்யக் கூட்டமைப்பின் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 1993 முதல் ஒரே தலைவர், கென்னாதி ஸ்யுகானோவ். பிறந்த நாள், இறந்த நாள், புரட்சி நாள் தவறாமல் சமாதிக்குப் பூ வைக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் பெரிய விஷயங்களில் அரசோடு ஒத்துப்போகிறார்கள். 'ஏகாதிபத்தியப் போரை உள்நாட்டுப் போராக மாற்று' என்று சொன்ன மனிதர் கார்னேஷன் பூக்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, "உறுப்பினர் பட்டியலைக் கொண்டு வா" என்று கேட்டால் அங்கே என்ன நடக்கும்? கதையில் பெயரை மாற்றி ஒரு கற்பனைக் கட்சி வைத்துக்கொள்ளுங்கள். துரோகம் அங்கிருந்து வரட்டும்.

துரத்துகிற உளவுத்துறை யார்? 1917 டிசம்பர் 20 அன்று லெனின் அரசு 'செக்கா'வைத் தொடங்கியது. இன்றும் ரஷ்ய உளவுத்துறைக்காரர்கள் டிசம்பர் 20ஐத்தான் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள், தங்களைச் செக்கிஸ்டுகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். செக்காவின் முதல் தலைவர் ஜெர்ஜின்ஸ்கியின் சிலையை 1991இல் மக்கள் கூடி லூபியாங்கா சதுக்கத்திலிருந்து இறக்கினார்கள். 2023இல் அதே மாதிரி ஒன்றை வெளிநாட்டு உளவுத்துறைத் தலைமையகத்தில் நிறுத்தினார்கள். தான் பெற்ற பிள்ளையே தன்னைத் துரத்துவதை உங்கள் லெனின் எந்தப் பக்கத்தில் புரிந்துகொள்கிறார் என்பதில்தான் நாவலின் முதுகெலும்பு இருக்கிறது.

பிடிபட்டால் சட்டம் தயார். 1914இல் சொந்த நாட்டின் தோல்வியே சின்னத் தீமை என்று எழுதினவர். 2022 மார்ச்சில் வந்த ராணுவ அவதூறுச் சட்டமும், 'பொய்ச் செய்தி'க்கு 15 வருஷம் வரை போகிற சட்டமும் காத்திருக்கின்றன. ஜூரிச்சில் குடியிருந்து ஜெர்மனி ஏற்பாடு செய்த ரயிலில் வந்து இறங்கினவர், வெளிநாட்டு ஏஜெண்ட் பட்டியலிலும் இடம் நிச்சயம். ஜார் காலத்துத் தண்டனையோடு அவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 1897 முதல் 1900 வரை சைபீரியாவின் ஷூஷென்ஸ்கொயேவில் நாடுகடத்தல் என்றால், மாதம் 8 ரூபிள் அரசு படி, வேட்டை, பனிச்சறுக்கு, மாமியாரோடு வந்து சேர்ந்த க்ரூப்ஸ்கயாவோடு கல்யாணம், நடுவில் ஒரு தடித்த பொருளாதாரப் புத்தகம். 1917இல் பின்லாந்து ஸ்டேஷனில் இறங்கியபோது கவச வண்டி மேல் ஏறிப் பேசினார். 2021 ஜனவரியில் புதினின் எதிர்ப்பாளர் நவால்னி பெர்லினிலிருந்து வந்த விமானத்தைக் கூட்டம் காத்திருந்த நிலையத்தில் இறங்க விடாமல் வேறு நிலையத்துக்குத் திருப்பி, பாஸ்போர்ட் கவுண்டரிலேயே கைது செய்தார்கள். 2024 பிப்ரவரியில் ஆர்க்டிக் சிறையில் அவர் இறந்தார். இந்த இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிடுங்கள்.

ஓடி ஒளிய இடம் தேடிக் கஷ்டப்படாதீர்கள். செஞ்சதுக்கத்துக்கு வெளியே லெனின் வேஷம், ஸ்டாலின் வேஷம் போட்டுச் சுற்றுலாப் பயணிகளோடு போட்டோவுக்கு நின்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜ லெனின் அவர்களுக்கு நடுவில் போய் நிற்பார், 'புதுசாக வந்தவன் மேக்கப் சரியில்லை' என்று விரட்டுவார்கள். அங்கே இருக்கும் நுழைவாயிலின் பெயரே உயிர்த்தெழுதல் வாயில். 1931இல் இடித்து, 1995இல் திரும்பக் கட்டியது. சமாதிக்கு நேரெதிரே கும் என்கிற பெரிய வணிக மாளிகை, கைப்பை ஒன்று ஒரு தொழிலாளியின் வருஷச் சம்பளம். பெயர், இடம் எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்று உண்டு. எழுந்த லெனினைப் பாவப்பட்ட தாத்தாவாக்கி, ஐஃபோன் பார்த்து முழிக்க வைத்து, வாசகரின் அனுதாபத்தை வாங்கிவிடுவார்கள். 1918 ஆகஸ்டில் பென்சாவுக்கு அனுப்பிய உத்தரவில், பணக்கார விவசாயிகள் குறைந்தது நூறு பேரை ஊர் பார்க்கத் தூக்கில் போடு என்று எழுதினவர் அவர். ஐஃபோனை இரண்டு நாளில் கற்றுக்கொள்வார். மூன்றாம் நாள் ஒரு பட்டியல் போடுவார்.

சமையல்காரர்களை மறந்துவிடாதீர்கள். எந்தச் சமையல்காரியும் நாட்டை ஆளலாம் என்று லெனின் சொன்னதாக ஒரு வாசகம் ஊர் முழுக்க உண்டு. அவர் 1917இல் எழுதியது கிட்டத்தட்ட எதிர்மாறு: எந்தச் சமையல்காரியும் நாளைக்கே அரசு நடத்திவிட முடியாது, நாங்கள் அவ்வளவு கற்பனாவாதிகள் இல்லை, ஆனால் உடனே கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று. இப்போது கணக்குப் பாருங்கள். தன் தாத்தா ஸ்பிரிதோன் கோர்க்கியில் லெனின் குடும்பத்துக்கும் பிறகு ஸ்டாலினுக்கும் சமைத்தவர் என்று சொன்னது புதின். 'புதினின் சமையல்காரர்' என்று பேர் வாங்கிய பிரிகோஷின் 2023 ஜூனில் கூலிப்படையோடு மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டார். அன்று காலை தொலைக்காட்சியில் புதின் ஞாபகப்படுத்தியது 1917ஐ. இரண்டு மாதத்தில் பிரிகோஷின் விமானம் விழுந்தது.

கடைசியாக, எழுந்த பிறகு அவர் என்ன பேசுவார் என்ற கேள்வி. 1923 மார்ச்சில் மூன்றாவது பக்கவாதம் வந்ததிலிருந்து லெனினுக்குப் பேச்சு போய்விட்டது. அவர் வாயில் மிஞ்சியது பெரும்பாலும் ஒரே சொல்: "வோத்-வோத்". 'இதோ, இதோ' என்றோ, 'அதேதான், அதேதான்' என்றோ எடுத்துக்கொள்ளலாம். செத்த நிலையிலிருந்து எழுப்பினால் அந்த நிலையில்தான் எழுவார். பத்திரிகையாளர் கூட்டத்தில் உட்கார வைத்து உக்ரைன் பற்றிக் கேட்கிறார்கள், "வோத்-வோத்". ஓய்வூதிய வயது பற்றிக் கேட்கிறார்கள், "வோத்-வோத்". அரசு ஒரு அர்த்தம் சொல்லும், கட்சி ஒரு அர்த்தம் சொல்லும், திருச்சபை ஒன்று சொல்லும்.

இது மிகை என்று யாராவது சொன்னால் தோரா லாஸுர்கினாவைக் காட்டுங்கள். பழைய போல்ஷெவிக், ஸ்டாலின் காலத்தில் நெடுங்காலம் சிறையிலும் முகாமிலும் கிடந்தவர். 1961 அக்டோபர் 30 அன்று கட்சியின் 22ஆவது மாநாட்டில் எழுந்து, நேற்று நான் இலியிச்சிடம் (லெனினிடம்தான்) ஆலோசனை கேட்டேன், உயிரோடு எதிரில் நிற்பது போல் இருந்தார், கட்சிக்கு இவ்வளவு கேடு செய்த ஸ்டாலின் பக்கத்தில் படுத்திருக்கப் பிடிக்கவில்லை என்றார், என்று பேசினார். பிரதிநிதிகள் கைதட்டினார்கள், தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் இரவு ஸ்டாலினைச் சமாதியிலிருந்து எடுத்து, பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.